பதினோராவது ஒடுக்கு

மூன்று கிளாஸ்களில் இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மட்டும் வேறு, அது எது என்று கண்டுபிடித்து எழுதுங்கள், பேசக்கூடாது, பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கக்கூடாது, அரை மணி நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சோதனையை நடத்துகிற கிர்ஸ்டி கதவைச் சாத்திக்கொண்டு போனதும், கும்பலிங்கத்துக்கு முதலில் தோன்றியது நல்லவேளை பேசக்கூடாது என்றாளே என்பதுதான். பேசச் சொல்லியிருந்தால் வாயைத் திறந்த நிமிஷமே அது வெளியே வந்து விழுந்திருக்கும். பன்னிரண்டு வருஷமாக அடக்கிவைத்திருக்கிற சங்கதி. காலை பதினோரு மணி. நாக்கு நன்றாக விழித்திருக்கிற நேரம் இதுதானாம், மத்தியானச் சாப்பாடு உள்ளே போய்விட்டால் நாக்கும் படுத்துவிடுமாம். ஜன்னலுக்கு வெளியே மலை, மலையின் பாதிவரைக்கும் மேகம். மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். ஆறு பேர் இதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள், மூக்கால் சம்பாதித்து வாயால் சாப்பிடுபவர்கள். ஏழாவது ஆள் லாக்லன், இந்த ஆக்னமோர் வடிசாலையில் முப்பத்தெட்டு வருஷமாக அடுப்படியில் நிற்கிறவன், பார்லி ஊறல் பொங்குகிற சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவன். எட்டாவது ஆள் கும்பலிங்கம். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் பிறந்து, துபாயில் கப்பலுக்குக் குழாய் பற்றவைத்து, கடைசியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் வந்து சாராயம் காய்ச்சும் செப்பு அண்டா அடிக்கிற பட்டறையில் வேலைக்கு உட்கார்ந்தவர். இந்த ஊரில் அதை ஸ்டில் என்பார்கள். அவர் மனசுக்குள் அது அண்டாதான். இரண்டு ஆள் உயரம், பெருத்த வயிறு, மேலே போகப்போகச் சிறுத்து, கழுத்து வளைந்து பக்கவாட்டில் போகும். எத்தனை ஸ்டில் என்று சொன்னாலும் அண்டா அண்டாதானே. இந்த ஆக்னமோரின் இன்றைய அண்டாவை அடித்தது அவர் கைதான். அதனால்தான் இங்கே அவருக்கு ஒரு நாற்காலி.

நாற்காலி மரியாதைக்குப் போட்டது. அவருக்கு அது கூண்டு மாதிரி இருந்தது. பழைய அண்டாவின் செம்பு முப்பது வருஷம் கொதித்துக் கொதித்து அப்பளமாகத் தேய்ந்தபோது, அதை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். பழைய அண்டா கடைசியாக வடித்ததையும் புதியது முதலில் வடித்ததையும் ஒரே மாதிரிப் பீப்பாய்களில் ஊற்றி, ஒரே கிடங்கில் பன்னிரண்டு வருஷம் தூங்கவைத்துவிட்டு, இன்றைக்கு எழுப்பி இந்த மூன்று கிளாஸ்களில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் புது அண்டா ஜெயித்தது. தெரிந்துவிட்டால் பன்னிரண்டு வருஷத்துக் கிடங்கு முழுக்க ஆக்னமோர் என்ற பேரில் வேறு ஏதோ ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படித் தெரிந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் இந்த அறையில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் நீலக் கண்ணாடி கிளாஸின் மேல் மூடியிருந்த சின்னக் கண்ணாடித் தட்டைத் திறக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நீலம் ஏனென்றால் உள்ளே இருப்பதன் நிறம் தெரியக்கூடாது. நிறத்தைப் பார்த்தால் மூக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்று கிர்ஸ்டி சொன்னாள். என்ன ஜாக்கிரதை! எவ்வளவு பெரிய மனசும் எவ்வளவு நுணுக்கமான புத்தியும் ஒன்றாக வேலை செய்தால் இப்படி யோசிக்கத் தோன்றும் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இவர்களை நினைத்தால் அவருக்கு எப்போதும் ஆச்சரியம்தான். பார்லி, தண்ணீர், ஈஸ்ட், இந்த மூன்றைத் தவிர உள்ளே ஒன்றையும் போடமாட்டார்கள். அப்புறம் ஒரு ஆயுசில் கால்வாசி சும்மா காத்திருப்பார்கள்.

முதல் கிளாஸின் மூடியைத் திறந்தார். மூக்கை உள்ளே விடக்கூடாது, வாயை லேசாகத் திறந்துகொண்டு ஓரத்தில் முகரவேண்டும், இல்லாவிட்டால் சாராயத்தின் காரம் முதலில் முன்னால் வந்து நின்றுகொண்டு மற்றதை எல்லாம் மறைத்துவிடும். இதெல்லாம் இங்கே வந்த பிறகு கற்றது. வந்த புதிதில் ஒரு வாய் குடித்துவிட்டு, இதென்ன அயோடின் வாடை, கட்டுப்போடுகிற மருந்தை எவனாவது குடிப்பானா என்று பட்டறையில் கேட்டுச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். இப்போது மூக்கை ஓரமாக வைத்துக் காத்திருந்தார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் மெதுவாக ஒரு இனிப்பு, பாகு பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெல்லத்திலிருந்து எழும்புமே, அது. அதற்குப் பின்னால் பழுத்துக் கறுத்த மலைவாழைப்பழம். அதற்கும் பின்னால், எங்கேயோ தூரத்தில், அடுப்பு அணைந்த பிறகு சாம்பலில் மிச்சம் இருக்கிற புகை. ஒரு சொட்டு நாக்கில் விட்டார். நாக்கின் நுனியில் தேன், நடுவில் உப்பு, பக்கவாட்டில் வறுத்த கடலையின் தோல், விழுங்கிய பிறகு நெஞ்சில் இறங்கின சூடு இறங்கின இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது, போகவே இல்லை. அட, அட. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, காரத்தில் இல்லை. இது பழைய அண்டாதான். சந்தேகமே இல்லை. இப்படி ஒன்று ஒருமுறைதான் வரும், இனிமேல் வராது, வராதபடி செய்த பாவி இங்கே உட்கார்ந்து ருசி பார்க்கிறேன் என்று நினைத்ததும் தொண்டையில் இருந்த தேன் முழுக்கக் கசந்தது.

ஒரு ஒடுக்கு. அவ்வளவுதான் விஷயம், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பாத்திரம் கீழே விழுந்தால் உள்பக்கமாக அமுங்குமே, அந்த ஒடுக்கு. முதல்நாள் இங்கே அளவெடுக்க வந்தபோது அப்போதைய மேனேஜர் அவர் தோளில் கைபோட்டு, பழையதில் பதினொரு ஒடுக்கு இருக்கிறது, புதியதிலும் அதே இடத்தில் அதே ஆழத்தில் பதினொன்றும் இருக்கவேண்டும் என்றார். கும்பலிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். வெளியூர் ஆள் என்று விளையாடுகிறார்களோ என்று. விளையாட்டு இல்லை. அண்டாவின் உருவம் எப்படியோ உள்ளே எழும்புகிற ஆவி அப்படி, ஆவி எப்படியோ விஸ்கி அப்படி, எந்த நெளிவில் எந்த ருசி ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஒன்றையும் மாற்றமாட்டோம் என்றார் மேனேஜர், சாமி சிலைக்கு அளவு சொல்கிற மாதிரி. இந்தத் தொழிலில் பல வடிசாலைகளில் இதுதான் வழக்கம் என்று அப்புறம் தெரிந்தது. கும்பலிங்கம் பழுப்புக் காகிதத்தை அண்டாவின் வயிற்றில் ஒட்டிக் கரியால் தேய்த்து ஒவ்வொரு ஒடுக்கையும் பிரதி எடுத்து நம்பர் போட்டார். ஒன்று முதல் பதினொன்று வரை. ஒருவருடைய தழும்புகளை எண்ணுகிற மாதிரி இருந்தது. இந்த மனுஷர்கள் தழும்பையும் சேர்த்து நேசிக்கிறார்கள் என்று அன்றைக்கு ராத்திரி மங்களத்திடம் சொன்னபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மங்களம், "அவங்களுக்குச் சரிங்க. உங்களால அடிக்க முடியுமா?" என்று கேட்டாள். பெண்டாட்டிக்கு எப்படித்தான் இதெல்லாம் முன்னாலேயே தெரியுமோ.

முடியவில்லை. பத்து வரைக்கும் முடிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு. அவருடைய அப்பா பட்டறையில் ஒரு தவலை முடிந்தால் அதைக் காதோடு வைத்து விரலால் சுண்டுவார். உடம்பில் எங்கேயாவது நெல்லளவு ஒடுக்கு இருந்தாலும் ஓசை தட்டையாக வரும். அப்படி வந்தால் சுத்தியல் காம்பு யாருடைய முட்டியில் இறங்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கல்யாணச் சீர் தவலையைச் சம்பந்தி வீட்டார் கவிழ்த்துப் பார்ப்பார்கள், ஒடுக்கு இருந்தால் அடித்தவன் பேர் தெருவில் நாறும். சின்ன வயசிலிருந்து ஒடுக்கு எடுத்த கை, ஒடுக்கு போடு என்றால் எப்படிப் போடும்? முதல் பத்தை எப்படியோ போட்டது. பதினொன்றாவது விழவேண்டிய இடம் தோள், வயிறு முடிந்து கழுத்து தொடங்குகிற வளைவு. மூன்று நாள் ராப்பகலாகத் தட்டித் தட்டி அவர் இழைத்த இடம். சின்னச் சின்னச் சுத்தியல் தடங்கள் மீன் செதில் மாதிரி வரிசையாக ஓடும், மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் பட்டால் தண்ணீர் ஓடுவது போல இருக்கும். ஜன்மத்தில் அவர் அடித்ததிலேயே நல்ல இடம். அதன் மேல் சுத்தியலை ஓங்கி நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். குழந்தை உள்ளங்கை அளவு ஒடுக்கு, இதனால் என்ன வந்துவிடும்? சுத்தியலைக் கீழே வைத்தார். பழுப்புக் காகிதத்தில் பதினொன்றின் மேல் டிக் போட்டார். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கும்பலிங்கம் டிக் போட்டால் மறுபடி எண்ணுகிற வழக்கம் இந்த ஊர்ப் பட்டறையில் கிடையாது. அதுதான் அவரை இன்னமும் குத்துகிறது.

நேரம் போகிறது. இரண்டாவது கிளாஸ். மூடியைத் திறந்தார். முகர்ந்தார். வெல்லம் இருக்கிறது, ஆனால் பின்னால் நிற்கிறது. முன்னால் என்ன? என்னவோ பச்சையாக ஒன்று. புளி போட்டுத் துலக்காத செம்புக்குடத்தில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரின் வாடை. மறுபடி முகர்ந்தார், இருந்தது. கையை முகர்ந்தார், கையில் இல்லை. இன்றைக்குக் கையில் ஒன்றும் இருக்க வழியில்லை, வாசனை வேண்டாம் என்று கிர்ஸ்டியின் கடிதத்தில் எழுதியிருந்ததால் மங்களம் இரண்டு நாளாகத் தாளிக்கவே இல்லை. கடுகு வெடித்தால் சட்டையில் ஏறிக்கொள்ளுமாம். சட்டையைச் சோப்பு இல்லாமல் வெந்நீரில் அலசினாள், காலைக் காப்பியைப் பிடுங்கிக்கொண்டாள், விபூதிகூட வாசனை போடாத சாதா விபூதி. வண்டியையும் அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள், குடித்துவிட்டு ஓட்டக்கூடாதே. வடிசாலை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் பேசினாள். "ஏங்க, பன்னெண்டு வருஷமா இதே பாட்டு. பாதித் தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கிட்டு பதினொண்ணு பதினொண்ணுன்னு சொல்றீங்க. இன்னிக்கு உள்ள போயி சொல்லித் தொலைச்சிட்டு வந்துருங்களேன்." "சொன்னா மானம் போயிரும், மங்களம்." "ஒரு ஒடுக்குல போற மானமா உங்களுது?" அவள் அப்படிக் கேட்டபோது சுளீரென்று இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

இப்போது நாக்கில் விட்டார். பச்சை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தேன் வருவதற்கு முன் ஏதோ உலோகம் ஒன்று நாக்கின் ஓரத்தைக் கிள்ளிவிட்டுப் போனது. இதுதான். தோளில் ஒடுக்கு இருந்திருந்தால் ஆவி அங்கே மோதி ஒரு தடவை திரும்பிக் கீழே விழுந்திருக்கும், விழுந்து மறுபடி கொதித்து மறுபடி எழும்பும்போது இந்தப் பச்சையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கும். நான் வழவழவென்று ஒரு பாதை போட்டுக்கொடுத்தேன், ஆவி குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே ஓடிப்போய்விட்டது. எல்லாம் அவருக்கு அந்தச் செம்புக்குள் நின்று பார்ப்பது போலத் தெரிந்தது. நிமிர்ந்தார். பார்க்கக்கூடாது என்றாலும் எதிரே லாக்லன் பக்கம் கண் போயிற்று. லாக்லன் கண்ணை மூடிக்கொண்டு, மூக்குத்தண்டைச் சொறிந்துகொண்டு, உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புதான் கும்பலிங்கத்தைப் பன்னிரண்டு வருஷமாகக் கொல்கிறது. ஊர்க் கடையில் ரொட்டி வாங்கும்போது, தபால் ஆபீஸ் வாசலில், மழைக்கு ஒதுங்கின இடத்தில், எங்கே பார்த்தாலும் இதே சிரிப்போடு, உன் அண்டா சுகமாக இருக்கிறாள், வந்து ஒருநாள் பார்த்துவிட்டுப் போயேன் என்பான். தெரிந்துதான் கூப்பிடுகிறானோ? வருஷா வருஷம் செம்பின் கனம் பார்க்க ஆள் அனுப்பவேண்டும், கும்பலிங்கம் ஒருதரம்கூடப் போகவில்லை, முதுகுவலி, பல்வலி, மங்களத்துக்கு ஜுரம் என்று ஏதாவது சொல்லிப் பட்டறையில் இன்னொருத்தனை அனுப்பிவிடுவார். தான் பெற்ற பிள்ளையைப் பார்க்கப் பயந்து தெரு மாறிப் போகிறவன் மாதிரி.

மூன்றாவது கிளாஸ். இது முதல் கிளாஸ் மாதிரி இருந்துவிட்டால் கணக்கு முடிந்தது, இரண்டாவதுதான் தனி. முகர்ந்தார். வெல்லம். பழம். பச்சை இருக்கிறதா? இருக்கிறது போல இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மூக்கு களைத்துவிட்டது. தண்ணீர் குடித்தார், சட்டைக் கையை முகர்ந்தார், மறுபடி முதலாவது, மறுபடி மூன்றாவது. இரண்டிலும் அதே புகை, அதே கடலைத்தோல். ஆமாம், ஒன்றும் மூன்றும் ஒன்று. இரண்டு வேறு. எவ்வளவு நிதானமாக இதை யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள் அந்தத் திரவத்தில், பன்னிரண்டு வருஷம் ஓக் மரத்துக்குள் இருட்டில் கிடந்தும் ஒரு சுத்தியல் விழாததை மறக்காமல் ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து சொல்கிறதே. கோபம் வரவில்லை, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. அப்பாவின் காது சுண்டினால் கண்டுபிடித்தது, இது சுண்டாமலே கண்டுபிடிக்கிறது. பென்சிலை எடுத்துத் தாளில் இரண்டு என்று எழுதினார். எழுதிய கையோடு ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். தானாகச் சொல்லிவிடுவது. கிர்ஸ்டி விடை இருக்கிற உறையைப் பிரித்துப் படிப்பதற்கு முன்னால். மாட்டிக்கொண்டு சொல்வது வேறு, எழுந்து நின்று சொல்வது வேறு. அந்த அளவுக்காவது செம்பு அடிக்கிறவன் மாதிரி நடந்துகொள்வோம்.

கதவு திறந்தது. கிர்ஸ்டி தாள்களை வாங்கிக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து ஒட்டின உறையை எடுத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது, அது தன் நாற்காலிதான் என்று கும்பலிங்கத்துக்கு எழுந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

"பிரிக்காதீங்க. முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். பழைய அண்டாவுல பதினொரு ஒடுக்கு. நான் பத்துதான் போட்டேன். தோள்ல ஒண்ணு விட்டுட்டேன். மறதி இல்ல, மனசு வரல. காகிதத்துல பொய்யா டிக் போட்டேன். இரண்டாவது கிளாஸ்ல அது தெரியுது. என்ன செய்யணுமோ செய்யுங்க."

கிர்ஸ்டியின் விரல் உறையின் ஓரத்திலேயே நின்றது. அப்போது ஒரு சத்தம், யாரோ இருமுகிற மாதிரி. லாக்லன்தான். இருமல் இல்லை, சிரிப்பு. சிரித்துச் சிரித்து முகம் சிவந்து மேஜையைத் தட்டினான்.

"கும், அந்த ஒடுக்கு அங்கதான்யா இருக்கு. பன்னெண்டு வருஷமா இருக்கு."

"இல்ல லாக்லன், நான் போடல."

"நீ போடல. நான் போட்டேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அது என்னோட ஒடுக்கு. வேலைக்கு வந்த முதல் வாரம் ஏணியைக் கொண்டுபோய் அண்டா மேல சாய்ச்சேன், டொம்முன்னு ஒரு அடி. என்னை வேலையை விட்டுத் துரத்தப் பார்த்தாங்க. அப்பறம் அது வந்ததுக்கப்பறம் விஸ்கி நல்லாருக்குன்னு எவனோ சொல்லி என்னைக் காப்பாத்தினான். புது அண்டா வந்து இறங்கின அன்னிக்கு நான் முதல்ல பார்த்தது அதைத்தான். காணோம். உன்கிட்ட சொன்னா நீ சங்கடப்படுவே. மேனேஜர்கிட்ட சொன்னா உன் வேலை போகும். எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பார்த்து, கம்பளியைச் சுத்தி, மரக் கொட்டாப்புளியால மூணே அடி."

"புது ஸ்டில்லை நீங்க கொட்டாப்புளியால அடிச்சீங்களா?" என்றாள் கிர்ஸ்டி.

"காய்ச்சறதுக்கு முன்னாடிதாம்மா" என்றான் லாக்லன், ஏதோ அதுதான் முக்கியம் என்பது போல.

கிர்ஸ்டி உறையைப் பிரித்தாள். தனியாக இருந்தது முதலாவது கிளாஸ். அதுதான் புது அண்டா. இரண்டும் மூன்றும் பழையது. எட்டுப் பேரில் மூன்று பேர் சரியாக எழுதியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாக எழுதினாலே எட்டில் மூன்று சரியாக விழும், ஆக யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று சொல்லி, அவளும் சிரித்துவிட்டாள். கும்பலிங்கம் உட்கார்ந்தார். செம்புக்குடத்து வாடை, பச்சை, நாக்கைக் கிள்ளின உலோகம், எல்லாம் பழைய அண்டாவின் பேரில் அவர் சுமத்தின அபாண்டம். பதினொரு தழும்போடு முப்பது வருஷம் உழைத்தவளை, கூசாமல். அப்போது முதலாவது? நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்ற சூடு, தேன், கடலைத்தோல், இனிமேல் வராது என்று கண் கலங்கினது? அது அவருடையது. அவர் அடித்த செம்பில் எழும்பி அவர் வளைத்த கழுத்தில் இறங்கினது. முதலாவது கிளாஸில் இன்னும் ஒரு மடக்கு இருந்தது. எடுத்தார். இந்தத் தடவை தேடாமல் குடித்தார். ஒன்றும் பிரியவில்லை, வெல்லம் தனி பழம் தனி என்று எதுவும் வந்து நிற்கவில்லை, எல்லாம் ஒன்றாகவே உள்ளே போய் ஒன்றாகவே மலர்ந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருக்கிறது! பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் இருந்துகொண்டு, ஆக்னமோர் பாட்டிலைக் கடையில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேனே, மடையன் என்று தன்னையே மனதாரத் திட்டிக்கொண்டார். திட்டவே சந்தோஷமாக இருந்தது.

லாக்லன் அவரைக் கையைப் பிடித்து அண்டா இருக்கிற கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான். சூடு முகத்தில் அடித்தது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார். செம்பு நிறம் மாறி, பழைய காலணா மாதிரிக் கருஞ்சிவப்பாகி, வயிறு லேசாக முனகிக்கொண்டிருந்தது. என்ன ஒரு கம்பீரம்! ஏணியில் ஏறினார்கள். தோளில், மீன் செதில் தடங்களுக்கு நடுவே, அது இருந்தது. லாக்லன் ஒதுங்கி நின்றுகொண்டான், கைக்குழந்தையைக் காட்டுகிற தகப்பன் முகத்தோடு. கும்பலிங்கம் உள்ளங்கையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு, சூட்டோடு தடவிப் பார்த்தார். ஒரே தடவலில் தெரிந்துவிட்டது. நாலு விரல்கடை இடது பக்கம் தள்ளி இருக்கிறது. ஆழமும் ஜாஸ்தி. ஒரு ஓரம் முரடாக மடிந்திருக்கிறது, கொட்டாப்புளியால் செம்பைத் தொட்டால் இப்படித்தான். கரி தேய்த்த அந்தப் பழுப்புக் காகிதம் வீட்டுப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது, அதை வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, பதினொன்று எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் அவர் கை சொல்லும். முரட்டு ஓரத்தையாவது சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி நேராக்கிவிடலாம் என்று விரல் துறுதுறுத்தது.

"எப்படி?" என்றான் லாக்லன். அந்தச் சிரிப்பு இல்லை. அறுபது வயசு முகத்தில், ஏணியைச் சாய்த்துவிட்டு நிற்கிற புது ஆளின் பயம் இருந்தது. "நினைவை வச்சுத்தான் அடிச்சேன். சரியான இடம்தானே?"

கும்பலிங்கம் ஒடுக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அச்சு அசல் அதே இடம், லாக்லன்" என்றார்.

வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. மங்களம் வண்டிக்குள் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஃபிளாஸ்க் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்ததும் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

நடந்ததை முழுக்கச் சொன்னார். கேட்டுக்கொண்டே வந்தவள் கொட்டாப்புளி இடத்தில் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நல்ல மனுஷன், பாவம், மகராசனா இருக்கணும் என்றாள். கடைசியாக அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மூடின வண்டிக்குள் யார் கேட்கப்போகிறார்கள், இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மங்களம், யார்கிட்டயும் மூச்சு விடாதே. அது நாலு விரல்கடை தள்ளியிருக்கு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து, காலையில் பிடுங்கிக்கொண்ட காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.

"இதுக்கு நீங்க எத்தனை வருஷம் தூங்காம இருக்கப் போறீங்க?"

டம்ளரை வாயருகே கொண்டுபோனவர், காப்பியை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். செம்பு வாசனை அடித்தது. அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்து, மறுநாள் மங்களம் கடுகு தாளிக்கிற சத்தத்தில்தான் எழுந்தார்.